அடுக்களை யாருக்காக?

கயத்தாற்றுக்கு அணித்தாயுள்ள சிற்றூர் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் புதுமனை மந்திரிப்பதற்காக நம்மை அழைத்திருந்தனர். வீட்டுக்குரியவர் வெளிநாட்டில் பல்லாண்டுகள் வியர்வை சிந்தி உழைத்துத் திரும்பியவர். செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக்கொண்டு அறை அறையாகச் சென்றோம். ஏனைய அறைகளை விரைந்து கடந்த வீட்டார், சமையலறை வாயிலில் மட்டும் நின்றுவிட்டனர். "சாமி, இதை நல்லாப் பாருங்க" என்றார் வீட்டுக்காரர், பெருமிதம் பொங்க.

பார்க்கத்தக்கதாகவே இருந்தது. தரை முதல் கூரை வரை கண்ணாடிபோல் மின்னும் அலமாரிகள். விரலால் தொட்டதும் ஓசையின்றி நகரும் இழுப்பறைகள். புகையை உறிஞ்சும் சிம்னி. கருங்கண்ணாடி பதித்த நான்கு பர்னர் அடுப்பு. விளம்பரங்களில் 'மாடுலர் கிச்சன்' என்று கூறப்படும் பொருத்தப்பட்ட சமையலறை அதுவே. அவ்வூருக்கு அதுதான் முதலாவது. வந்திருந்தோர் அனைவர் முன்னிலையிலும் நாம் அதை வாயாரப் புகழ்ந்தோம்.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து, குடும்பச் சந்திப்புக்காக அதே இல்லத்துக்குச் சென்றோம். முன்வாயிலில் எவரையும் காணாது கொல்லைப்புறம் சென்றபோது, தகரக் கொட்டகையின் கீழ் அவ்வீட்டின் முதியவர் குந்தியிருந்து குழம்பு கூட்டிக்கொண்டிருந்தார். அருகில் ஓர் ஒற்றை அடுப்பு, அம்மிக்கல், நீர்க்குடம். "என்ன பாட்டி, உள்ளே அவ்வளவு பெரிய அடுக்களை இருக்கிறதே!" என்றோம். "தோத்திரம் சாமி. அது பாக்குறதுக்கு. பொங்குறது இங்கனதான். உள்ள மீன் பொரிச்சா எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிப் பலகை வீணாப் போயிரும்லா" என்றார் அவர், அகப்பையைக் கீழே வையாமலே.

அவருடைய மருமகளிடம் பேசியபோது மேலும் சில செய்திகள் வெளிவந்தன. தொட்டிக்குக் கீழேயிருந்த அலமாரி ஆறு மாதத்தில் நீர் பட்டு உப்பிவிட்டது. செய்து கொடுத்தவர் தொலைபேசியை எடுப்பதே இல்லை. தவணையோ இன்னும் இரண்டாண்டுகள் பாக்கி. அதைக் கட்டுவதற்கு அவருடைய கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது. நம்மை வாட்டிய செய்தி இறுதியில்தான் வந்தது. அண்டை வீட்டார் இருவரும் அதேபோன்ற சமையலறைக்கு முன்பணம் கொடுத்திருந்தனர். "சாமியே பாராட்டினாங்களே" என்பது அவர்கள் கூறிய காரணம்.

அன்று நாம் சொல்லாது விட்டதை இன்று எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.

கருவிகள் தந்த விடுதலை

வீட்டுக் கருவிகளைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆட்டுக்கல்லின் குழவியைச் சுற்றிச் சுற்றி, நம் அன்னையரின் உள்ளங்கைகள் காய்த்துப் போனதைக் கண்டவர்கள் நாம். நான்கு பேருக்கு இட்டிலி மாவு ஆட்டுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கம்பு குத்துவதென்றால் உலக்கையுடன் ஒரு காலைப் பொழுதே கழியும். "அந்தக் காலமே பொற்காலம்" என்று கூறுவோருள் பலர், உலக்கையைக் கையால் தொட்டறியாத ஆண்மக்களே!

அந்தச் சுமை இறங்கிய வரலாறு தமிழகத்துக்குப் பெருமை தருவது. மாவரைக்கும் மின்கிரைண்டரை 1955-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் உருவாக்கியவர் பி. சபாபதி என்பவர். ஆட்டுக்கல்லில் கை செய்த வேலையை மின்விசை செய்யுமாறு அவர் அமைத்தார். அக்கருவியால் பல சிறு தொழிற்கூடங்கள் அந்நகரில் தழைத்தன. 'கோயம்புத்தூர் கிரைண்டர்' என்னும் பெயருக்குப் புவிசார் குறியீடும் பின்னாளில் கிடைத்தது. பம்பாயில் பொறியாளர் சத்திய பிரகாஷ் மாத்தூர், தம் மனைவியார் பயன்படுத்திய வெளிநாட்டு மிக்சி பழுதாகிச் செப்பனிட வழியின்றி நின்றதைக் கண்டு, மஞ்சளையும் மிளகாயையும் நம் முறைப்படி அரைக்கவல்ல 'சுமீத்' மிக்சியை 1963-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினார். இரண்டும் நம் நாட்டு உணவை அறிந்து, அதைச் சமைப்போரின் இடரை அறிந்து பிறந்த கருவிகள். அதனாலேயே அவை ஒவ்வொரு வீட்டிலும் இடம்பிடித்தன.

1965-ல் கல்கத்தாவில் 'இந்தேன்' எரிவாயு இணைப்பு முதன்முதலாக வழங்கப்பெற்றது. விறகுப் புகையில் கண் கலங்கி, நெஞ்சு கரித்து வாழ்ந்த தாய்மாருக்கு அது எத்துணை பெரிய நன்மை! 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின்கீழ், குடும்ப அட்டையுள்ள மகளிர்க்கு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையின்றி வழங்கப்பட்டன. கூலி வேலை செய்யும் எளியோர் வீட்டிலும் அம்மிக்கல் ஓய்வு பெற்றது. நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் 2016-ஆம் ஆண்டு மே முதல் நாளில் தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பை விரிவாக்கிற்று. இன்று கயத்தாற்றுக் கரிசல் வெளியில் நின்று பார்த்தால், திசையெங்கும் காற்றாலைகள் சுழல்கின்றன. நம் பாட்டியர் குழவியைச் சுற்றிய ஊரில், இப்போது காற்றே சுற்றி மின்விசை தருகிறது. இது இறைவன் மனிதனுக்கு அளித்த அறிவின் கனி என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் கிரைண்டர் வேறு. பொருத்தப்பட்ட சமையலறை வேறு. கிரைண்டர் ஒரு வேலையைச் செய்கிறது. சமையலறை அமைப்போ, வேலை செய்பவரை ஓர் இடத்தில் நிற்க வைக்கிறது. ஆகவே அங்கு நிற்பவர் யார், எப்படி நிற்பார் என்பதை அறியாமல் அதை அமைப்பது பிழையாகும்.

பிராங்க்பர்ட் கற்பிக்கும் பாடம்

இத்தகைய சமையலறைக்கு மூலம் எது? முதல் உலகப்போருக்குப் பின் செருமனியின் பிராங்க்பர்ட் நகரில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. நகராட்சி ஆயிரக்கணக்கில் தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டிற்று. அவற்றுக்கென 1926-ல் ஒரு சமையலறையை வகுத்தளித்தவர் மார்கரெட் சூட்டே-லிகோட்ஸ்கி என்னும் ஆஸ்திரிய நாட்டவரான பெண் கட்டடக் கலைஞர். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சிற்றறை அது. தொடர்வண்டியின் உணவுப் பெட்டியில், குறுகிய இடத்தில் பலருக்குச் சமைக்கும் முறையைப் பார்த்து, ஒவ்வோர் அடியையும் அவர் அளந்து அமைத்தார். உட்கார்ந்து வேலை செய்ய ஓர் இருக்கை, காய் நறுக்கும் பலகையின் கீழே கழிவு விழும் தட்டு, மாவுக்கும் பருப்புக்கும் பெயரெழுதிய இழுப்பறைகள் எனப் பெண்களின் நடையையும் நேரத்தையும் மிச்சப்படுத்துவதே அவருடைய எண்ணம். அவ்வாறு பத்தாயிரம் சமையலறைகள் பொருத்தப்பட்டன.

எண்ணம் உயர்ந்தது, எனினும் இரு குறைகள் தோன்றின. அதை வகுக்கும்வரை தாம் குடித்தனம் நடத்தியதோ சமைத்ததோ இல்லை என்பதை அந்த அம்மையாரே முதுமையில் ஒப்புக்கொண்டார். இரண்டாவது குறை அதனினும் பெரிது. அவ்வறையில் ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்ய முடியும். குழந்தை உட்கார இடமில்லை. கணவர் வந்து உதவ நினைத்தாலும் நிற்க இடமில்லை. வேலையை எளிதாக்க வந்த அறை, வேலை செய்பவரைத் தனிமைப்படுத்திவிட்டது.

நூறாண்டுகளுக்குப் பின்னர், கோவில்பட்டியிலும் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் உள்ள கடைகளில் வண்ணப்படங்களைக் காட்டி விற்கப்படும் சமையலறைகளுக்கும் இப்பாடம் பொருந்தும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

முதலாவதாக, சமைப்பவரை நிற்கவைத்து அளக்க வேண்டும். அவர் நேராக நின்று முழங்கையை மடக்கினால், அதிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் தாழ மேடை அமைவது நன்று. நம் நாட்டில் பொதுவாக 32 முதல் 34 அங்குல உயரத்தில் மேடை கட்டுகிறார்கள். குள்ளமான தாய்மாருக்கு அது உயரம், நெட்டையானவர்க்குத் தாழ்வு. இரண்டும் முதுகுவலிக்கு வித்தாகும். மேல் அலமாரியை எட்ட நாற்காலி போட வேண்டுமானால், நாள்தோறும் புழங்கும் பொருளை அங்கே வைத்தலாகாது.

இரண்டாவதாக, பலகை எதனால் ஆனது என்று கேட்க வேண்டும். வெளியே மின்னும் மேற்பூச்சு ஒன்றேயாயினும் உள்ளீடு வெவ்வேறு. மரத்தூளையும் சிம்புகளையும் பசையிட்டு அழுத்திய பலகை விலை மலிவு. நீர் பட்டால் ரொட்டிபோல் ஊறிவிடும். தொட்டிக்கு அடியிலும் அடுப்புக்கு அருகிலும் நீரைத் தாங்கும் பிளைவுட் வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தில் 710 என்னும் எண் கப்பற்பலகைத் தரத்தைக் குறிக்கும். பலகையின் மீது அம்முத்திரை உள்ளதா என்று, பொருத்துவதற்கு முன் நம் கண்ணால் காண வேண்டும். கறையான் மிகுந்த நம் பகுதியில், நம் முன்னோர் பதித்த கடப்பைக் கல் தட்டுகளும் இழிவானவை அல்ல. கல் ஊறாது, கறையான் அரிக்காது. தட்டுகளைக் கல்லாலும் கதவுகளை மட்டும் பிளைவுட்டாலும் அமைத்தால் செலவு பெரிதும் குறையும், அழகும் குன்றாது.

மூன்றாவதாக, நம் சமையலுக்கு அது ஏற்றதா என்று ஆராய வேண்டும். முன்னர் நாம் கடற்கரைப் பங்கொன்றில் பணியாற்றியபோது, அங்குள்ள இல்லங்களில் பின்முற்றமே பாதி அடுக்களையாக விளங்குவதைக் கண்டோம். அரிவாள்மனையை வைத்து மீன் அறுக்கவும், செதிளை அலசவும், கழிவைக் கோழிக்கும் பூனைக்கும் எறியவும் வெளிச்சமும் நீரும் உள்ள திறந்த இடம் வேண்டும். மீன் அறுக்காதவர் நாட்டில் வரையப்பட்ட படத்தில் அவ்விடம் இராது. பின்முற்றத்தை அழித்து அலமாரி வைப்போர் பின்னர் வருந்துவர். ஒரு குழாயும், சாய்தளமிட்ட ஒரு கல்மேடையும், மழைக்கு ஒரு கூரையும் கொல்லைப்புறத்தில் இருந்தால், உள்ளிருக்கும் சமையலறை தானே தூய்மையாகும். சிம்னி வாங்குவோர், அதன் குழாய் சுவரைத் துளைத்து வெளியே செல்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும். வெளியே செல்லாத வகை, எண்ணெய்ப் பிசுக்கை வடிகட்டி அதே காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடும். வெப்பமும் ஈரமும் அங்கேயே தங்கும்.

நான்காவதாக, கருவிகளைத் தேவைக்கு அளவாக வாங்க வேண்டும். எரிவாயு அடுப்புக்கும் குக்கருக்கும் மிக்சிக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா எனப் பார்க்கலாம். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டில், ஆண்டுக்கு எத்தனை அலகு மின்சாரம் செலவாகும் என்று அச்சிடப்பட்டிருக்கும். விலையோடு அவ்வெண்ணையும் ஒப்பிட வேண்டும்; பெட்டி பத்தாண்டு ஓடும் அல்லவா? 2000 வாட் மின்காந்த அடுப்பையும் 750 வாட் மிக்சியையும் பழைய வீட்டின் ஒரே மின்முனையில் செருகுவது ஆபத்து. நில இணைப்பு உள்ள மும்முனைச் செருகியே வேண்டும். பழுது பார்ப்போர் கயத்தாற்றிலோ கோவில்பட்டியிலோ உள்ளாரா என்பதும் முக்கியம். மாத்தூர் அம்மையாரின் வெளிநாட்டு மிக்சியை மறந்துவிடலாகாது.

தவணை என்னும் பொறி

"வட்டியில்லாத் தவணை" என்னும் விளம்பரத்தைக் காணாதார் இல்லை. ஓர் எடுத்துக்காட்டு. ரொக்கமாகக் கொடுத்தால் 54,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளை, மாதம் 5,000 ரூபாய் வீதம் பன்னிரண்டு தவணைகளில் தருகிறார்கள் என்று கொள்வோம். கூட்டிப் பார்த்தால் 60,000. அந்த ஆறாயிரம் வட்டியே, பெயர்தான் வேறு. சில இடங்களில் அதற்கு மேலும் செயற்கட்டணம் வாங்குவதுண்டு. வட்டியே இல்லாத கடன் என்பது கிடையாது என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே வங்கிகளுக்குத் தெளிவுறுத்தியது. ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "ரொக்கம் கொடுத்தால் என்ன விலை?"

முன்பணம் கொடுக்குமுன் பலகையின் வகை, அளவு, முடிக்கும் நாள், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுத்தில் பெற வேண்டும். பற்றுச்சீட்டும் தவறாது வாங்க வேண்டும். சீட்டு இருப்பின் வழக்கு உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஐந்து இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளானால் மனுவுக்குக் கட்டணமில்லை. 1915 என்னும் தேசிய எண்ணில் தொலைபேசி வழியாகவும் முறையிடலாம். நாம் சந்தித்த குடும்பத்தாரிடமோ எழுத்தில் ஒன்றுமில்லை, வாய்ச்சொல்லை நம்பியிருந்தார்கள்.

மற்றொன்றையும் மனம் நொந்து கூறுகிறோம். முன்னாளில் பெண்ணுக்குச் சீராகப் பித்தளைப் பானையும் குத்துவிளக்கும் போயின. பின்னர்க் கட்டிலும் பீரோவும் போயின. இப்போது குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றோடு, மாப்பிள்ளை வீட்டுச் சமையலறையையே பொருத்தித் தருமாறு கேட்போரும் உளர். மகளின் திருமணத்துக்கு முன்னே தந்தை கடனாளியாகிறார். வரதட்சணையைக் கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 'சீர்' என்று பெயர் மாற்றிக் கேட்டு வாங்கினாலும் அது வரதட்சணையே. பங்கில் திருமண ஓலை எழுத வருவோரிடம் இதை நாம் நேரில் கேட்காமல் விட்டது உண்டு. இனி விடுவதாக இல்லை.

இரண்டாவது ஆளுக்கு இடம்

இத்தனை கருவிகள் வந்தபின் பெண்களின் வேலை குறைந்ததா? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடெங்கும் எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கு நம் சிந்தனைக்குரியது. ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். அவ்வாறு ஈடுபட்ட ஆண்களோ நூற்றுக்கு 26 பேரே. 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகச் சற்றுக் குறைந்தது. நன்று! ஆண்களின் நேரமோ 88 ஆகக் குறைந்திருந்தது. கருவி வேலையைச் சுருக்கும், பங்கிட்டுக் கொடுக்காது. பங்கிடுவதற்கு மனம் வேண்டும்.

பெத்தானியா ஊர் மார்த்தாவை எண்ணிப் பார்க்கிறோம். பரபரப்புக்கு எடுத்துக்காட்டாகவே அவரை மறையுரைகளில் காட்டிவந்தோம். ஆனால் லூக்கா நற்செய்தியில் மார்த்தாவின் முறையீட்டைக் கூர்ந்து நோக்கினால், வேலை மிகுதி என்பதைவிட, தாம் தனியே விடப்பட்டோம் என்பதே அவருடைய வருத்தமாகத் தோன்றுகிறது. நம் இல்லங்களில் எத்தனை மார்த்தாக்கள், ஆண்டவரிடம் கூடச் சொல்லாமல் அவ்வருத்தத்தை விழுங்கிக்கொண்டு தாளிக்கிறார்கள்!

ஆகவே புதிதாக அடுக்களை கட்டுவோர்க்கு நாம் கூறும் சிறந்த அளவு இதுவே: இருவர் இடிபடாமல் நிற்க இடம் விடுங்கள். மூலையில் முதியவர் உட்கார்ந்து கீரை ஆய ஒரு பலகை போடுங்கள். பிள்ளை எழுதவும் படிக்கவும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு மேசை இருக்கட்டும். அலமாரி ஒன்று குறைந்தாலும் குற்றமில்லை.

நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட இல்லத்துக்கு அண்மையில் மீண்டும் சென்றோம். ஊறிப்போன கீழ்ப்பலகைகளைக் கழற்றிவிட்டுக் கடப்பைக் கல் பதித்திருந்தனர். உள்ளூர்க் கொத்தனார் இரண்டு நாளில் முடித்தாராம். கண்ணாடி அடுப்பில் இப்போது உண்மையாகவே உலை கொதிக்கிறது; எண்ணெய் தெறித்தால் துடைக்கிறார்கள். பாட்டி உள்ளே நாற்காலியில் அமர்ந்திருந்தார். வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியச் சிறு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் நாணி எழ முயன்றார். உட்காரும்படி கையமர்த்திவிட்டு, நாமும் ஒரு கைப்பிடி வெங்காயம் எடுத்துக்கொண்டோம்.

சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் உள்ளது. ஐந்து தவணை பாக்கி என்றார் மருமகள். முன்பணம் கொடுத்திருந்த அண்டை வீட்டார் இருவரையும் நாமே நேரில் கண்டு பேசினோம். ஒருவர் பணத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார். மற்றவர் வீட்டில் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. அவ்வீட்டை மந்திரிக்கச் சென்றபோது, புகழ்வதற்கு முன் வீட்டுத் தலைவியைத் தனியே அழைத்து, மேடை அவருடைய உயரத்துக்கு ஏற்றதா என்று கேட்டோம். அப்படி அவரிடம் கேட்டவர்கள் அதுவரை எவருமில்லையாம்.